பியானோ கீ "கீச் கீச்"னு கத்துதா? டெல்டா பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், காரைக்கால்னு இந்தப் பக்கம் பியானோ, ஹார்மோனியம் ரிப்பேர் வேலைக்கு நான் போற இடத்துல எல்லாம் ஒரே சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருது. சர்ச் பியானோவா இருக்கட்டும், கான்வென்ட் பியானோவா இருக்கட்டும், தாத்தா காலத்துல வாங்கிப் போட்டதா இருக்கட்டும், கேள்வி மாறுறதே இல்ல. போன்ல சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு பதிலை எழுதி வச்சிருக்கேன். மேலருந்து வரிசையா படிங்க, கீழ இருக்குற பதில் எல்லாம் மேல சொன்னதை வச்சுதான் போகும்.

அண்ணா, கீ அழுத்துனா கீச்சுனு சத்தம் வருது. பியானோ போச்சா?

போகல, பயப்படாதீங்க. கீங்கறது என்னன்னு புரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும். வெளிய தெரியுற வெள்ளையும் கறுப்பும் வெறும் நுனிதான், உள்ள அது ஒரு அடிக்கு மேல நீளமான மரக்கட்டை. நம்ம ஊர் ஏத்தம் மாதிரி நடுவுல ஒரு பின் மேல உக்காந்து ஆடுது, முன்பக்கம் நீங்க அழுத்துனா பின்பக்கம் மேல ஏறி, உள்ள இருக்குற நெம்புகோல் அமைப்பான ஆக்‌ஷனைத் தூக்கும், ஆக்‌ஷன் சுத்தியலைத் தள்ளும், சுத்தியல் போய் கம்பியை அடிக்கும்.

நடுவுல இருக்குறது பேலன்ஸ் பின், முன்னாடி கீக்கு அடியில இருக்குறது ஃப்ரண்ட் பின். கட்டை நேரா பின்ல உரசக்கூடாதுன்னு ஓட்டைக்குள்ள ரெண்டு பக்கமும் மெல்லிசா கம்பளித் துணி ஒட்டியிருப்பாங்க, பெரும்பாலும் செவப்பு கலர்ல இருக்கும், அதுக்குப் பேரு புஷ்ஷிங். 88 கீக்கு 176 பின். இதுல ஒரு இடத்துல துணி காஞ்சு கெட்டியானாலோ, பின்ல துரு ஏறுனாலோ, கீச்சுன்னு கேக்கும். பியானோவுக்கு வர்ற கோளாறுலயே சின்னக் கோளாறு இது.

சத்தம் கீயிலருந்துதான் வருதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? எல்லாம் ஒரே இடத்துலருந்து வர்ற மாதிரியே இருக்கு.

இதுதான் முக்கியமான கேள்வி, இதைக் கேக்காமலே ஸ்க்ரூ டிரைவர் எடுக்குறவங்கதான் அதிகம். கீ கத்துதுன்னு கூப்பிடுற வீட்டுல போய்ப் பாத்தா நிறைய நேரம் கத்துறது பெடல், இல்லன்னா ஸ்டூல். அதனால முதல்ல ஸ்டூலைத் தள்ளிட்டு நின்னுக்கிட்டு வாசிச்சுப் பாருங்க. பெடல்ல காலே வைக்காதீங்க. பியானோ மேல இருக்குற போட்டோ, பூ ஜாடி, மெழுகுவத்தி ஸ்டாண்டு எல்லாத்தையும் இறக்கி வைங்க. இதுலயே சத்தம் நின்னுட்டா உங்களுக்கு வேலை மிச்சம்.

இன்னும் கத்துதுன்னா ஃபேனை நிறுத்திட்டு ஒவ்வொரு கீயா ரொம்ப மெதுவா அழுத்துங்க, சுத்தியல் கம்பியை அடிக்காத அளவுக்கு மெதுவா. நோட் கேக்காது, கீச்சு மட்டும் தனியா கேக்கும். கீழ போறப்ப கத்துதா, மேல வர்றப்ப கத்துதான்னு கவனிங்க. அடுத்து அதே கீயை லேசா இடது பக்கம் ஒதுக்கி அழுத்துங்க, அப்புறம் வலது பக்கம் ஒதுக்கி அழுத்துங்க. ஒரு பக்கம் ஒதுக்குறப்ப சத்தம் கூடுது இல்ல நின்னு போகுதுன்னா கோளாறு கீ பின்ல, சந்தேகமே வேண்டாம். எப்படி ஒதுக்குனாலும் ஒரே மாதிரி கத்துதுன்னா ஆக்‌ஷன் பக்கம் சந்தேகப்படணும், அதுக்குத் தனியா கீழ எழுதியிருக்கேன்.

இன்னொரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கங்க. வாசிக்கிறவங்க காதுக்கு இடம் சரியா தெரியாது. ஒருத்தர் அழுத்தணும், இன்னொருத்தர் முன் பலகையைக் கழட்டிட்டு உள்ள காதை வச்சு கேக்கணும். ஒரு மொழம் பைப் துண்டு இருந்தா ஒரு முனையைக் காதுல வச்சு மறு முனையை உள்ள ஒவ்வொரு இடமா கொண்டு போங்க, இடம் டக்குனு மாட்டிக்கும்.

ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா நின்னுடாதா? கதவு கீலுக்கு விடுறோமே?

நின்னுடும், ஒரு வாரத்துக்கு. அதுக்கப்புறம்தான் வேதனை. கதவு கீல் இரும்பும் இரும்பும் உரசுற இடம், கீ பின் இரும்பும் கம்பளியும் உரசுற இடம். கம்பளி எண்ணெயை உறிஞ்சி உப்பிடும், கீ இறங்குனா ஏறாது, அதுமேல தூசி படியும், நாள்பட்டா பிசின் மாதிரி கெட்டிப்பட்டுப் போயிடும். அப்புறம் அந்தத் துணியையே சுரண்டி எடுத்துட்டு புதுசு ஒட்டணும், சும்மா துடைச்சா போகாது. நல்லெண்ணெய், வெளக்கெண்ணெய், தையல் மிஷின் ஆயில் எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

டபிள்யூடி-40 அடிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரேங்கறது நீங்க நினைச்ச இடத்துல மட்டும் படாது. கம்பியைச் சுத்தி இறுக்குற ட்யூனிங் பின் மாட்டியிருக்குற மரப்பலகை வரைக்கும் பறந்து போய் மரத்துல ஊறிடுச்சுன்னா பின் புடிமானம் விட்டுப்போய் பியானோ ஸ்ருதியே நிக்காது. ஒரு பியானோ கம்பிங்க மொத்தமா சேந்து இழுக்குற பலம் 15, 20 டன், அந்த இழுவைக்கு பின் சுத்திக்காம புடிச்சு வச்சிருக்குறது அந்தப் பலகைல இருக்குற உராய்வுதான். சிலிக்கான் ஸ்ப்ரேயும் அதே கதைதான்.

அப்ப எதைத்தான் போடுறது?

காய்ஞ்ச பொருள்தான் போடணும். ரெண்டு போதும். ஒண்ணு டெஃப்லான் பவுடர், ஆன்லைன்ல சின்ன டப்பாவா கிடைக்கும், துணியும் பின்னும் உரசுற இடத்துக்கு அதுதான் பெஸ்ட். இன்னொண்ணு பென்சில், 6பி மாதிரி நல்லா மையா இருக்குற டிராயிங் பென்சில், அதோட கரி கிராஃபைட்தான். மரமும் ஸ்பிரிங்கும் உரசுற இடத்துக்கு அது நல்லது. கீ பின்னுக்கும் பென்சில் தேய்க்கிற பழைய ஆளுங்க இருக்காங்க, வேலையும் செய்யும், ஆனா கறுப்பு பொடி உதிர்ந்து துணியெல்லாம் கரியாகிடும். அதனால நான் கீ பின்னுக்கு டெஃப்லான்தான் சொல்லுவேன்.

முகத்துக்குப் போடுற பவுடர் போடலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. ஒரு அவசரத்துக்குப் பரவாயில்ல. ஆனா வாசனைப் பவுடர்ல வேற என்னென்னவோ கலந்திருக்கும், நம்ம ஊர் ஈரத்துல கட்டி தட்டிப் போகுது.

கீயை நானே கழட்டலாமா? உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

நிமிந்து நிக்கிற அப்ரைட் பியானோன்னா பொறுமையா கழட்டலாம். படுத்த மாதிரி இருக்குற கிராண்டுக்கு வேற முறை, கீழ பாருங்க. மேல் மூடியைத் திறந்தா உள்ள ரெண்டு பக்கமும் கொக்கியோ திருகோ இருக்கும், அதை விடுவிச்சா முன் பலகை வந்துடும். அப்புறம் கீ மூடுற மூடி, அப்புறம் கீக்கு முன்னாடி நீளமா இருக்குற சட்டம், அது அடியிலருந்து ஸ்க்ரூ போட்டிருக்கும். ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. ஸ்க்ரூவை எல்லாம் ஒரே கிண்ணத்துல போடாதீங்க, எந்தப் பலகையோட ஸ்க்ரூவோ அந்தப் பலகையோடவே ஒரு கவர்ல கட்டி வைங்க.

இப்ப கீ. முன்னாடி நுனியைப் புடிச்சு மேல இழுக்காதீங்க, எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், அப்படி இழுத்தா பேலன்ஸ் பின் ஓட்டை சரிஞ்சு விரிசல் விடும். நடுவுல, பேலன்ஸ் பின் இருக்குற இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு விரலால புடிச்சு நேரா மேல தூக்குங்க, லேசா முன்னும் பின்னும் அசைச்சுக் குடுத்தா வரும், பின்னை விட்டு வெளிய வந்ததும் உங்க பக்கமா உருவிடலாம். அடியில பின்னைச் சுத்தி வட்டமா ஒரு ஃபெல்ட்டும் (அமுக்குன கம்பளி) அதுக்கும் கீழ காகித வளையங்களும் இருக்கும், அதுதான் கீயோட உயரம். ஒரு காகிதம் காணாம போனாலும் அந்தக் கீ மட்டும் பள்ளமா தெரியும். அதனால அதை எல்லாம் அந்தந்த பின்லயே விட்டுடுங்க. கட்டை மேல 1 முதல் 88 வரைக்கும் நம்பர் அடிச்சிருக்கும், இடது பக்கத்துலருந்து எண்ணணும். மங்கிப் போயிருந்தா பென்சிலால எழுதிக்கங்க, பேனா வேண்டாம்.

கழட்டியாச்சு. பின் எல்லாம் பழுப்பா, சிலது பச்சை பூத்தாப்ல இருக்கு. உப்புத்தாள் போட்டு தேய்க்கவா?

தேய்க்காதீங்க. உப்புத்தாள் போட்டா பின் மேல கோடு கோடா கீறல் விழும், அந்தக் கீறல் புஷ்ஷிங் துணியை அரிச்சுத் தின்னுடும், ரெண்டு வருசத்துல கீ பல்லாட்டம் ஆடும். குத்துவெளக்கு தேய்க்க வச்சிருக்குற பிராசோ போதும். பின்னைச் சுத்தியிருக்குற ஃபெல்ட்டையும் காகிதத்தையும் அதே வரிசைல எடுத்து வச்சுட்டு, துணியில ஒரே ஒரு பொட்டு எடுத்துத் தேய்ங்க, பின் பளபளன்னு வரணும். முக்கியமானது அதுக்கப்புறம்தான்: பிராசோ மிச்சம் துளி கூட இருக்கக்கூடாது. சுத்தமான துணியால துடைச்சு, ஸ்பிரிட் தொட்ட துணியால இன்னொரு தடவை துடைச்சு, காய விட்டு, அப்புறம் டெஃப்லான் பவுடரை விரல் நுனியில தொட்டு பின் மேல தேய்ச்சு விடுங்க. கீயோட ஓட்டைக்குள்ள இருக்குற துணிலயும் ஒரு பல் குத்துற குச்சியால லேசா தடவுங்க.

தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணின்னு கடலோரத்துல இருக்குற பியானோல பச்சையும் பழுப்பும் சீக்கிரமே ஏறிடும், உப்புக்காத்து அப்படி. கும்பகோணத்துல பத்து வருசத்துல வர்ற துரு அங்க ரெண்டு மூணு வருசத்துல வந்து நிக்கும். அங்க இருக்குறவங்க ஜன்னல் பக்கத்துல, அதுவும் கெழக்க பாத்த ஜன்னல் பக்கத்துல பியானோவைப் போடாதீங்க.

ஐப்பசி கார்த்திகைல மட்டும்தான் இந்தத் தொல்லை, சித்திரைல தானா சரியாயிடுது. ஏன்?

வடகிழக்கு பருவமழைதான் காரணம். பியானோவுக்குப் பிடிச்ச ஈரப்பதம் 40லருந்து 60 சதவீதம் வரைக்கும், மழை மாசத்துல இங்க 80, 90ன்னு போகுது, மார்கழிப் பனியும் சேந்துக்குது. மரமும் துணியும் ஈரத்தைக் குடிச்சு உப்புது, ஓட்டை இறுகுது. இதுல ரெண்டு விதம் இருக்கு, கலந்து பேசாதீங்க. கீ அழுத்துனா திரும்ப மேல வராம ஒட்டிக்கிறது ஒண்ணு, வந்துட்டுப் போறப்ப கத்துறது இன்னொண்ணு. ஒட்டுறதுக்குக் காரணம் உப்பல். கத்துறதுக்குக் காரணம் பெரும்பாலும் உப்பலோட துருவும் சேந்துக்குறது.

ஒட்டுற கீக்கு புஷ்ஷிங்கை நசுக்கி இடம் விடுறதுக்குன்னே ஒரு பிளையர் உண்டு. ஆனா ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க, கார்த்திகைல ரொம்ப லூஸா பண்ணிட்டா வைகாசியில அதே கீ கடகடன்னு ஆடும். மழை நேரத்துல ரொம்ப மோசமான நாலஞ்சு கீயை மட்டும் தொடுங்க, மிச்சத்தைத் தை மாசத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம். கிறிஸ்மஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எல்லா சர்ச்லருந்தும் ஒரே நேரத்துல கூப்பிடுறாங்க, அது வருசத்துலயே மோசமான நேரம். ஆவணி, புரட்டாசிலயே சொல்லிட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

பழைய மெக்கானிக் ஒருத்தர் வந்து பிளையர் வச்சு ஏதோ திருகிட்டுப் போனாரு, கீ ஆடுறது நின்னுச்சு, ஆனா அதுலருந்து கத்துது.

என்ன நடந்துருக்கும்னா, ஃப்ரண்ட் பின் முழு வட்டம் கிடையாது, முட்டை வடிவத்துல நீள் வட்டமா இருக்கும். துணி தேஞ்சு கீ ஆடுச்சுன்னா அந்த பின்னைக் கொஞ்சம் திருகி விட்டா அகலமான பக்கம் துணியைத் தொடும், ஆட்டம் அப்போதைக்கு நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதுக்கப்புறம் பின்னோட ஓரம்தான் துணில உரசுது, தட்டையான பக்கம் உரசல, அதனால கத்தும், துணியும் சீக்கிரம் கிழியும். மேலருந்து பின்களை வரிசையா பாருங்க, எல்லாம் நேரா நிக்கணும், கோணலா நிக்கிறது திருகுனதுதான். நேராக்கிட்டு புஷ்ஷிங் துணியை மாத்துறதுதான் சரியான வழி. 88 கீக்கும் துணி மாத்துறது பெரிய வேலை, பசை காய்ஞ்சு அளவு வரணும், அவசரப்படுத்தாதீங்க.

கீயைக் கழட்டி பின்னெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன், இன்னும் கத்துது!

அப்ப ஆக்‌ஷன்தான். சோதிக்கிறது சுலபம்: கீயை வெளிய எடுத்துட்டு, அந்தக் கீ தூக்க வேண்டிய ஆக்‌ஷன் பாகத்தை விரலால மெதுவா மேல தூக்கி விடுங்க. கீயே இல்லாம கத்துதுன்னா விஷயம் முடிஞ்சுது. இப்ப டேம்பர் பெடலை (வலது பக்கம் இருக்குறது, கம்பியோட அதிர்வை அடக்குற டேம்பரைத் தூக்குறது) அழுத்திப் புடிச்சுக்கிட்டு அதே மாதிரி தூக்குங்க. பெடல் அழுத்துனப்ப சத்தம் நின்னுச்சுன்னா டேம்பர் ஸ்பிரிங் அதோட காடியில உரசுது. நிக்கலன்னா சுத்தியலோட ஸ்பிரிங்கா இருக்கலாம், இல்லன்னா கீயோட பின்பக்கம் இருக்குற கேப்ஸ்டன் ஸ்க்ரூ மேல ஃபெல்ட் உரசுற இடமா இருக்கலாம். கேப்ஸ்டன் பித்தளைன்னா அதுவும் பச்சை பூக்கும், பின்னுக்குச் சொன்ன மாதிரியே பாலிஷ் பண்ணுங்க.

ஸ்பிரிங் காடிக்கு பென்சில் கரி. அதுக்கு மேல சென்டர் பின்னுன்னு ஒண்ணு இருக்கு, ஆக்‌ஷன்ல ஒவ்வொரு மூட்டுலயும் ஒண்ணேகால் மில்லி கனத்துல ஒரு சின்ன பின். அது இறுகுனா சுத்தியல் மந்தமா திரும்பும், சில பழைய பியானோல பச்சை பிசின் கூட ஊறி நிக்கும். அதுக்குன்னே விக்கிற லூப்ரிகன்ட் இருக்கு, ஊசி வச்சு ஒரு சொட்டு விடணும். ரொம்ப மோசமா இருந்தா பின்னையே மாத்தணும். இந்த இடத்துலருந்து டெக்னீஷியன் வேலை, நீங்க இறங்காதீங்க.

பெடல்தான் கத்துதுன்னு தெரிஞ்சுபோச்சு. இதுக்கும் எண்ணெய் கூடாதா?

இங்க மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. கீழ் பலகைக்கு மேல ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும், அதை மேல தள்ளுனா பலகை வந்துடும். உள்ள மரக்கட்டை, ஸ்பிரிங், நிமிந்து போற குச்சி, தோல் துண்டு இவ்வளவுதான். கையால பெடலை அழுத்திக்கிட்டே ஒவ்வொரு மூட்டையும் விரலால தொட்டுப் பாருங்க, கத்துற இடம் விரலுக்கு அதிரும். இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல துளி கிரீஸோ வாசலினோ வைக்கலாம். மரமும் மரமும் உரசுற இடத்துல மெழுகுவத்தியைத் தேய்ங்க. தோலும் ஃபெல்ட்டும் இருக்குற இடத்துக்கு மேல சொன்ன டெஃப்லான் பவுடர்தான். ஸ்க்ரூ லூஸா இருந்தாலும் கத்தும், முதல்ல அதை முடுக்குங்க.

எங்க பாதர் கேக்க சொன்னாரு, சர்ச்ல கிராண்ட் பியானோ, அதுக்கும் இதேதானா?

கீ பின் விஷயம் அப்படியேதான். ஆனா கிராண்டுல ஆக்‌ஷன் முழுசா டிராயர் மாதிரி முன்னாடி உருவி வரும், அப்படி உருவுறப்ப தெரியாம ஒரு கீயை அழுத்திட்டா போதும், சுத்தியல் நிமிந்து கட்டையில மாட்டி முறிஞ்சிடும். அதனால பழக்கம் இல்லாதவங்க உருவவே கூடாது. கிராண்டுல கூடுதலா கத்துற இடம் ரெண்டு: சுத்தியலைத் திரும்ப அடிக்கத் தயாராக்குற ரெபெடிஷன் ஸ்பிரிங் உக்காருற காடி, அதுக்கு கிராஃபைட். சுத்தியல் தண்டுக்கு அடியில இருக்குற தோல் உருளை, அதுக்கு டெஃப்லான். பாதர்கிட்ட சொல்லுங்க, டெக்னீஷியன் வர்றப்ப கத்துற கீ நம்பர் எல்லாம் எழுதி வச்சிருந்தா பாதி நேரம் மிச்சம்.

ட்யூனர் வந்து ட்யூன் பண்ணா கத்துறது போயிடாதா?

போகாது. ட்யூனிங்னா கம்பியோட இழுவையைச் சரி பண்றது. கீ, ஆக்‌ஷன் வேலைக்கு ரெகுலேஷன்னு பேரு, அது தனி. கூப்பிடுறப்பவே ரெண்டும் வேணும்னு சொல்லிடுங்க.

அறுப்பு முடிஞ்சதும் எலி பியானோவுக்குள்ள போயிடுச்சு. அதுலருந்து பத்து இருபது கீ கத்துது.

தை, மாசில சம்பா அறுத்ததும் வயல்ல இருந்த எலி எல்லாம் வீட்டுக்குத்தான் வரும். பியானோல இருட்டு இருக்கு, கடிக்க கம்பளி இருக்கு, அதுக்கு வேறென்ன வேணும். ஃபெல்ட்டைக் கடிச்சு கூடு கட்டும், மூத்திரம் பட்ட பின் எல்லாம் அரிச்சுப் போகும், அதான் வரிசையா கத்துது. கீ எல்லாத்தையும் எடுத்துட்டு அடிப்பலகையைச் சுத்தம் பண்ணணும். கையில உறை, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல. அரிச்ச பின்னை பிராசோ காப்பாத்தாது, மாத்தத்தான் வேணும்.

பெடல் வெளிய வர்ற ஓட்டைதான் எலி வாசல். வாசிக்காத நேரத்துல அதை இரும்பு வலையால அடைச்சு வைங்க. பூச்சிக்கு அந்துருண்டையைத் துணிப்பைல கட்டித் தொங்க விடலாம், கீ மேலயோ ஃபெல்ட் மேலயோ நேரா போடாதீங்க.

ஆயுத பூஜைக்கு வருசா வருசம் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், அதனால வருமா?

வைக்கிற இடத்தைப் பொறுத்தது. மேல் பலகையிலயோ காலுலயோ ஒரு பொட்டு வைங்க, ஒண்ணும் ஆகாது. கீ மேல வச்சா தண்ணியா இருக்குற சந்தனம் இடுக்குல இறங்கி காஞ்சு போய் பக்கத்துக் கீயோட உரசும். குங்குமமும் விபூதியும் அப்படித்தான், பொடி உள்ள போய் ஃப்ரண்ட் பின் மேல உக்காந்துக்கும். கீ மூடியை மூடிட்டு பூஜை பண்ணுங்க, சாமி கோச்சுக்காது. காசு, ஹேர்பின், பென்சில் துண்டு, அரிசின்னு எடுத்த பியானோ நிறைய உண்டு, அதனால ரெண்டு கீ சேந்து சிக்குதுன்னா முதல்ல நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க.

உள்ள ஒரு பல்பு எரிய விட்டா ஈரம் போயிடும்னு எங்க தாத்தா சொல்லுவாரு?

அந்தக் காலத்துல நிறைய வீட்டுல பண்ணாங்கதான். ஈரம் கொஞ்சம் குறையும், ஆனா ஒரு இடம் மட்டும் வறண்டு போகும், சத்தத்தைப் பெருக்கிக் குடுக்குற சவுண்ட்போர்டு பலகைல விரிசல் வரலாம், காஞ்ச மரமும் தூசியும் இருக்குற பெட்டிக்குள்ள சூடான பல்புன்னா நெருப்பு பயமும் இருக்கு. பியானோவுக்குன்னே ஈரத்தை அளந்து தானா நின்னு தானா ஓடுற ஹீட்டர் கம்பி இருக்கு, அது பாதுகாப்பு. அது முடியலன்னா சின்னதா ஒரு ஈரப்பதம் காட்டுற மீட்டர் வாங்கி பியானோ மேல வைங்க, மழை நாள்ல மூடியே வைங்க, சுவத்துலருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க.

ஏசி நல்லதுதான், ஆனா ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் மட்டும் ஏசி போட்டுட்டு மிச்ச ஆறு நாளும் அடைச்சு வைக்கிற ஹால்ல அது கெடுதல். காஞ்சு உப்பி, காஞ்சு உப்பி, மரம் தளர்ந்து போகும். மாறாத 65 சதவீதம், ஏறி இறங்குற 50ஐ விட மேல்.

கஜா புயல்ல தண்ணி நின்ன பியானோ இன்னும் வீட்டுல கெடக்கு. கீ எல்லாம் கத்துது, சரி பண்ணலாமா?

2018 நவம்பர் 16 அன்னிக்கு வேதாரண்யம் பக்கம் கரை ஏறுன புயல் அது, அந்தப் பக்கம் ஓடு பறந்து மழைத்தண்ணி இறங்குன வீடு கணக்கில்லாம இருக்கு. தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு பாருங்க. பெடல் மட்டத்தோட நின்னிருந்தா பெடல் பகுதியைச் செப்பனிட்டு ஓட்டலாம். மேலருந்து ஒழுகி கீ, ஆக்‌ஷன் எல்லாம் நனைஞ்சிருந்தா பழைய பியானோல போடுற வஜ்ஜிரப் பசை தண்ணில கரைஞ்சு விட்டிருக்கும், அதுல கீச்சு சத்தத்தைத் துரத்துறது வீண் வேலை. உள்ளதைச் சொன்னா, சரி பண்ற செலவு இன்னொரு பியானோ விலையைத் தாண்டும். இனிமே நனைஞ்சா வெயில்ல காய வைக்காதீங்க, நிழல்ல ஃபேன் காத்துல காயட்டும், வெயில்ல பலகை முறுக்கிக்கும்.

வீட்டுல இருக்குறது டிஜிட்டல் பியானோ. அதுவும் கத்துது, அதுக்குப் பின்னு கிடையாதே?

கிடையாது. அதுல பிளாஸ்டிக் கீ, அடியில எடைக்கு ஒரு இரும்புத் துண்டு, ரெண்டும் உரசுற இடத்துல கம்பெனியே கிரீஸ் வச்சிருக்கும். அது காஞ்சாலோ வழிஞ்சு போனாலோ கத்தும், கீழ இருக்குற ஃபெல்ட் பட்டை நைஞ்சா டக் டக்னு தட்டும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போற கிரீஸ் மட்டும்தான் வைக்கணும், வண்டிக்குப் போடுற கிரீஸ் சில பிளாஸ்டிக்கை நொறுக்கிடும். வாரண்டி இருந்தா திறக்காதீங்க.

ஹார்மோனியம் கீ கத்துறதுக்கும் இதே வைத்தியமா? எங்க பஜனை மடத்து பெட்டி.

கொள்கை ஒண்ணு, இடம் வேற. ஹார்மோனியத்துல கீயோட பின்னாடி ஒரு கம்பி கோத்திருக்கும், கீயை அழுத்துனா அடியில தோல் ஒட்டுன மூடி திறந்து காத்து ரீடுக்குப் போகும், ஸ்பிரிங் திரும்ப மூடும். கத்துறது ஸ்பிரிங் நுனி மரத்துல உரசுற இடம், அங்க பென்சில் கரி தேய்ங்க. காத்து அடிக்கிற பெல்லோஸ் கத்துதுன்னா கீல்தான், அதுக்குத் துளி எண்ணெய் விடலாம், ஆனா தோல்ல படாம. கீ அழுத்தாமலே ஊஊன்னு ஒரு சுரம் கேட்டா அது உரசல் கிடையாது, தோல் மூடி சரியா உக்காரல, அடியில தூசி.

எல்லாம் பண்ணியாச்சு, ஒரே ஒரு கீ மட்டும் ஒரு மாசத்துல திரும்பத் திரும்ப கத்துது. பின் பளபளன்னு இருக்கு, துணி புதுசு.

இதுக்குக் காரணம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தலை சுத்திடும். கட்டையோட பக்கவாட்டைப் பாருங்க, வட்ட வட்டமா ஈயக்கட்டி பதிச்சிருக்கும், எடை சமமாக. ஈரத்துல அந்த ஈயம் வெள்ளை பூத்து உப்பும், உப்பி வெளிய தள்ளி பக்கத்துக் கீயோட உரசும், சில நேரம் கட்டையே விரியும். ஒரு மெல்லிசான காகிதத்தை ரெண்டு கீக்கும் நடுவுல விட்டு இழுங்க, ஈயம் இருக்குற இடத்துல மாட்டுனா அதுதான். உப்புனதைத் தட்டி சமமாக்கணும், இல்ல எடுத்துட்டு புதுசு பதிக்கணும். தேய்க்காதீங்க, அந்த வெள்ளைப் பொடி விஷம். கை கழுவிட்டுதான் மத்த வேலை.

ஈயம் இல்லன்னா கட்டை வளைஞ்சிருக்கும், கண்ணுகிட்ட வச்சு ஒரு கண்ணை மூடிப் பாத்தா தெரியும். அதுவும் இல்லன்னா கேப்ஸ்டன் பக்கம் மேல சொன்னதைத் திரும்பப் பாருங்க, கீயைச் சுத்தம் பண்ண சந்தோஷத்துல எல்லாரும் அதை விட்டுடுறாங்க.

நாளைக்குக் காலைல கிரேட் எக்ஸாம், பாப்பா வாசிக்கிற நோட்டுதான் கத்துது, இப்ப மணி ராத்திரி ஒம்பது. என்ன பண்றது மாமா?

எக்ஸாம் உங்க வீட்டு பியானோலன்னா மட்டும் கவலைப்படுங்க, சென்டர்ல வேற பியானோதான் இருக்கும். வீட்டுலதான்னா முன் சட்டத்தை மட்டும் எடுத்துட்டு, அந்தக் கீ நுனியை அரை இஞ்ச் மட்டும், அதுக்கு மேல வேண்டாம், பூ மாதிரி தூக்கிப் புடிச்சு ஃப்ரண்ட் பின் மேல பென்சில் நுனியால நாலு பக்கமும் தேய்ச்சு விடுங்க. டெஃப்லான் இருந்தா அது. பத்து தடவை அழுத்தி விடுங்க. பாதிக்குப் பாதி நேரம் இதுலயே அடங்கிடும். அடங்கலன்னா அப்படியே விட்டுட்டு பாப்பாவைத் தூங்க வைங்க, கீ நம்பரை மட்டும் எழுதி வச்சுட்டு எக்ஸாம் முடிஞ்சதும் கூப்பிடுங்க.